கணப்படுப்புக்கு ஓர் உத்தரம்

நாற்பது டிகிரி வெயிலில் குளிர்காயத் துணிந்த முதல் தமிழ்க் குடும்பம் என்ற பெருமை, யாங்கோன் மாநகரில், மிங்கலாடோன் சபாபதி குடும்பத்துக்கே உரியது. பொறாமைப்படுவோர் தாராளமாகப் படலாம்.

வீடியோ அழைப்பு ஒன்றில்தான் எல்லாம் தொடங்கியது. சபாபதியின் மகன் சிவராஜுக்குப் பெண் கொடுக்க முன்வந்த மேமியோ நல்லையா, தம் வீட்டுக் கணப்படுப்பின் முன் அமர்ந்து பேசினார். கருங்கல் சுவர், மேலே முரட்டுத் தேக்குச் சட்டம், அதன்மேல் முன்னோர் படம். மலையூர்க்காரருக்குக் குளிரும், அவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சபாபதிக்குப் பின்னால் என்ன தெரிந்தது? குளிர்சாதனப் பெட்டியும் அதன்மேல் கவிழ்த்து வைத்த குக்கரும். நான்கு தலைமுறைக் குடும்பத்துக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

மறுநாளே 'குடும்ப ஆலோசனைக் கூட்டம்' நடந்தது. தலைமை: சபாபதி. கலந்துகொண்டோர்: சபாபதி. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விதவைத் தங்கை தைலம்மாள் தேநீர் வைத்துவிட்டுப் போனதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை.

தச்சர் பீர் முகைதீன் கூடத்துச் சுவரை முழம்போட்டுப் பார்த்தார்.

"புகை எந்தப் பக்கமாப் போவும் அண்ணே? புகைபோக்கிக்கு வழியே இல்லியே."

"புகையாவது! உள்ள செவப்பு பல்ப் எரியும் பாய்."

"கரண்டு போயிட்டா?"

"நம்ம குடும்ப கௌரவம் கரண்டுல ஓடலே."

நாலு மணி நேரம் வந்து நாலு மணி நேரம் போகும் மின்சாரத்தைப் பற்றி ஒரு மனிதர் இவ்வளவு கம்பீரமாகப் பேசி யாங்கோன் கேட்டதில்லை.

மேல்சட்டம் 'ரஸ்டிக்' ஆக இருக்க வேண்டும் என்று கைப்பேசியில் படம் காட்டினார் சபாபதி. உளித் தழும்பு, ஆணி ஓட்டை, பூச்சி அரித்த தடம், எல்லாம் கண்ணில் படவேண்டுமாம்.

"இப்படிச் செஞ்சதுக்குத்தான் எங்க வாத்தியார் என் முதுகுல போட்டாரு," என்றார் பீர் முகைதீன். "புது மரத்துல இது வராதுண்ணே. பழசு வேணும்."

சபாபதியின் பார்வை கொல்லைப்புறம் போனது. அங்கே ஒரு சமையலறை. அதை ஒட்டினாற்போல் ஒரு கட்டில் போட இடம். தைலம்மாள் இருபது வயதில் தாலியை இழந்து திரும்பியதிலிருந்து அதுதான் அவள் வீடு. கரண்டு இல்லாத வேளைகளில் முழுக் குடும்பத்துக்கும் சோறு வருவதும் அங்கே எரியும் கரி அடுப்பிலிருந்துதான். கூரையைத் தாங்கிய தேக்கு உத்தரம் முப்பது வருடப் புகையில் கன்னங்கரேலென்று இருந்தது. கலை என்றால் அது கலை.

"அத எடுத்தா கூரை என்னாவறது?" என்றார் தச்சர்.

"மூங்கில் முட்டு குடுங்க."

"மழை வர்ற மாசம்ணே," என்றாள் தைலம்மாள்.

"கௌரவம்னா வீட்ல ஆளாளுக்கு ஏதாச்சும் தாங்கித்தான் ஆகணும் தைலம்."

"நான் தாங்கிக்குவேன்ணே. கூரை தாங்கணுமே."

உத்தரம் இறங்கியது. பீர் முகைதீன் உளியை எடுத்து, "கரியைச் சுரண்டிடவா?" என்று கேட்டார்.

சபாபதி பதறிவிட்டார். "ஒரு அடையாளம்கூட அழியக் கூடாது பாய்! அதுதான் பரம்பரை."

கணப்படுப்பு எழுந்தது. உத்தரத்தின் மேல் காலஞ்சென்ற அப்பாவின் படம் ஏறியது. பல்ப் எரிந்தது. மேமியோக்காரர்கள் நேரில் வர நாள் குறித்தார்கள்.

அந்த நாளில் விடிந்ததும் மழை கொட்டியது. மூங்கில் முட்டு சறுக்கி, சமையலறைக் கூரை கட்டிலின் மேலேயே படுத்துக்கொண்டது. கரண்டும் இல்லை. விருந்தாளிகளின் கார் வாசலில் நின்றபோது, தைலம்மாள் யாரையும் கேட்கவில்லை. நனைந்த சேலையோடு கரி அடுப்பைத் தூக்கிவந்து கணப்படுப்புக்குள் வைத்து, உலையேற்றினாள்.

நல்லையா உள்ளே வந்ததும் இருமினார். பிறகு வியந்தார். "அட, அசல் நெருப்பு! எங்க வீட்ல வெறும் பல்புங்க." கரி பூசிய முகத்தோடு குனிந்திருந்தவளைக் காட்டி, "இந்தம்மா யாரு?" என்று கேட்டார்.

இடிந்த கூரையும் ஈரச் சேலையும் சம்பந்தி கண்ணில் படும் வேளை. சபாபதி ஒரு நொடியில் குடும்ப மானத்தைக் காப்பாற்றினார்.

"சமையலுக்கு வெச்சிருக்கோம்."

தைலம்மாள் நிமிரவில்லை. கரண்டி மட்டும் ஒருமுறை நின்று மறுபடி அசைந்தது.

நல்லையா எதையும் சோதித்தே நம்புகிறவர். கரி உண்மையா, சாயமா என்று கைக்குட்டையை நனைத்து உத்தரத்தில் அழுத்தித் தேய்த்தார். உண்மைதான். அடியிலிருந்து உளியால் வெட்டிய எழுத்துகள் வெளியே வந்தன. அவர் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்:

"என் மகள் தைலத்துக்கு, அப்பா கட்டிக் குடுத்த வீடு."

அப்பாவின் படத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு சபாபதியைப் பார்த்தார். "யாருங்க இந்தத் தைலம்?"

சபாபதி வாயைத் திறந்தார். புகைதான் உள்ளே போனது.

"இங்க சமையலுக்கு வெச்சிருக்காங்கள்ல, அவ பேருதாங்க," என்றாள் தைலம்மாள். "உக்காருங்க, சோறு இப்ப வெந்துடும்."

தச்சரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு அடையாளம்கூட அழியக் கூடாது என்பது உத்தரவு. பீர் முகைதீன் எதையும் அழிக்கவில்லை. அந்த வேலையைச் சபாபதியே முன்னின்று செய்துகொண்டார்.