எண்ணெய் பட்ட சாவியும் இரண்டு நிபுணர்களும்

இறைவன் துணை

அன்பும் மதிப்பும் மிகுந்த அண்ணாவுக்கு உங்கள் தங்கை எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் மாப்பிள்ளையும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய்யோடு ஒரு கடிதத்தைத் தொடங்க மனம் வராததால் அந்த வரியை விட்டுவிட்டேன். நீங்கள் சுகமாக இருக்கவும், அண்ணியின் முழங்கால் வலி குறையவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். கார் காணாமல் போன பிறகும் முழங்காலுக்கான வேண்டுதலை நான் நிறுத்தவில்லை என்பதை அண்ணியிடம் மறக்காமல் சொல்லவும்.

கார் களவு போன செய்தியைத் தொலைபேசியில் பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்வதற்குள் “கம்பெனி பாத்துக்கும், நீ கவலைப்படாதே” என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அந்தக் காப்பீட்டுக் கம்பெனியின் ஏஜெண்ட் நீங்கள். பாலிசியை எங்களுக்கு எடுத்துக் கொடுத்ததும் நீங்கள். ஆகவே கம்பெனி எப்படிப் பார்த்துக்கொண்டது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் கோபத்தில் எழுதவில்லை. மாதக் கடைசியில் வீட்டுக் கணக்கை நேர் செய்ய உட்காருகிற அதே மனதோடு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை வேலைக் காலம் முழுக்க ஒரு தொழிற்சாலையின் கிடங்கைக் காத்தவர், அங்கே ஒரு திருகாணி குறைந்தது என்று பேச்சு வந்ததில்லை, காலையில் தொழிற்சாலை வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும், ஏறிக்கொள்வார், மாலையில் அதே வேன் இறக்கிவிட்டு ஹாரன் அடிக்கும், நான் பாலை அடுப்பில் வைப்பேன், இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓய்வு பெற்ற பிறகு வேன் வரவில்லை. ஆனாலும் தெருவில் எந்த வண்டி ஹாரன் அடித்தாலும் இவர் செருப்பைத் தேடுவார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் கார் வாங்கலாம் என்று நானே சொன்னேன். வாங்கியதிலிருந்து அதைத் துடைப்பதும், மதிலோரம் நிறுத்தி உறை போடுவதும், காலையில் உறையை எடுத்து மடிப்பதும்தான் இவருக்கு உத்தியோகம். ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு கண் பரிசோதனைக்குப் போனார். மாலையில் ஹாரன் கேட்டது, பாலை வைத்தேன், குடித்தார், படுத்தார். மறுநாள் காலை துடைக்கிற துணியோடு வெளியே போனவர் துணியோடு திரும்பி வந்து, “காரைக் காணோம்” என்றார். வீட்டுக்குள் எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி மேசைக்கு அடியிலும் ஒரு தடவை பார்த்தார்.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்தோம். கம்பெனியிலிருந்து ஒரு விசாரணைக்காரர் வந்தார். மரியாதையான மனிதர், செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், “தினமும் உறை போடுறவர் அன்னிக்கு மட்டும் ஏன் சார் போடலை?” என்றார். உறை வராந்தாவில் மடித்தபடி இருந்ததை அவர் பார்த்துவிட்டார். இவர் என்னைப் பார்த்தார். கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள், அன்றைக்கு எதிரில் நிற்பது நானா அலமாரியா என்றே இவருக்குத் தெரியவில்லை, இந்த நிலையில் உறையை எங்கே போடுவது என்று நான் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டு, இரண்டு சாவிகளையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, தடயவியல் நிபுணருக்கு அனுப்ப வேண்டும் என்று எடுத்துப் போனார். அன்றாடம் ஓட்டுகிற சாவி இவருடையது. மாற்றுச் சாவி என் பொறுப்பில், வழிபாட்டு அலமாரியில் விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. பத்திரமாக இருக்க வேண்டிய எதையும் நான் அங்கேதான் வைப்பேன்.

நிபுணரின் அறிக்கை வந்தது. அண்ணா, நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை, ஆனால் படிக்கக் கிடைத்த காகிதம் எதையும் படிக்காமல் விட்டவளும் இல்லை. பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவள் உங்கள் வாடிக்கையாளர்களில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இந்த அறிக்கையையும் அப்படியே படித்தேன். இந்த வகைக் காரின் சாவிக்குள் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது, அது இல்லாமல் இஞ்சின் உயிர் பெறாது, ஆகவே “மேற்படி வாகனம் அதன் சொந்தச் சாவியால், அதை வைத்திருப்பவராலேயே ஓட்டிச் செல்லப்பட்டுள்ளது” என்று எழுதியிருந்தார். இதோடு நிறுத்தியிருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். மாற்றுச் சாவியில் நுண்ணோக்கி வைத்துப் பார்த்தபோது எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்ததாம். சாவி வெட்டுகிற இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவார்களாம். ஆகவே உரிமையாளரின் சம்மதத்தோடு கள்ளச் சாவி செய்யப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டாம்.

அது என் விளக்கெண்ணெய் அண்ணா. நான் தினமும் திரி போட்டு ஏற்றுகிற விளக்கின் எண்ணெய். ஒரு சின்னப் பாட்டிலில் அதே எண்ணெயை ஊற்றி, மூடியை மெழுகு வைத்து அடைத்து, ஒப்பிட்டுப் பார்க்கும்படி அந்த நிபுணருக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். பாட்டில் திரும்பி வந்தது. வீட்டு வழிபாட்டு எண்ணெய்களைச் சோதிப்பது தமக்கு இடப்பட்ட பணியில் அடங்காது என்று ஒரு சீட்டு இணைத்திருந்தார். பாட்டிலில் எண்ணெய் கொஞ்சம் குறைந்திருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அறிக்கையை வைத்துக் கம்பெனி எங்கள் இழப்பீட்டுக் கோரிக்கையை நிராகரித்துவிட்டது. சாவிகளை முத்திரை போட்ட உறையில் திருப்பி அனுப்பி, கோரிக்கையை நாங்களாகவே திரும்பப் பெறாவிட்டால் பொய்ப் புகார் என்று நடவடிக்கை எடுப்போம் என்றும் எழுதியிருந்தார்கள். என் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். வீட்டுக் கணக்கில் ஒரு தொகை இடித்தால் முதலில் கூட்டலைச் சரிபார்ப்பேன். பிறகு மறந்துபோன செலவு ஏதாவது உண்டா என்று யோசிப்பேன். எடுத்த எடுப்பில் வீட்டில் இருப்பவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன். இந்த நிபுணர் சாவியை நுண்ணோக்கியில் பார்த்தார். சாவியை வைத்திருந்த மனிதரை வெறுங்கண்ணாலும் ஒரு தடவை பார்க்கவில்லை.

இவர் வெளியே போவதை நிறுத்திவிட்டார். காலை நடைக்குக் கூட வருகிற எதிர்வீட்டுக்காரர் விளையாட்டாகத்தான் கேட்டார், “என்ன சார், நல்ல வெலைக்குத்தானே போச்சு?” என்று. இவர் பாதி வழியில் திரும்பி வந்தவர்தான். கார் துடைக்கிற துணியைத் தினமும் துவைத்துக் கொடியில் போடுகிறார், சாயங்காலம் எடுத்து மடித்து வைக்கிறார். சில நாளில் தயாராகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் அன்றைக்கே சொன்ன மூக்குக்கண்ணாடியைக்கூடப் போய் வாங்கவில்லை. “இனிமே யாரைப் பாக்கறதுக்குக் கண்ணாடி?” என்கிறார். கிடங்கில் ஒரு திருகாணிகூடக் குறையாமல் பார்த்துக்கொண்டவருக்கு இந்த வயதில் இந்தப் பெயர் வேண்டுமா அண்ணா?

அதனால் வக்கீல் சொன்னபடி எங்கள் தரப்பிலும் ஒரு நிபுணரை வைத்தோம். அவர் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, “முதல்லயே சொல்லிடுங்கம்மா, என்ன முடிவு வேணும்?” என்றார். உண்மை எதுவோ அதுதான் வேண்டும் என்றேன். “அது இருக்கட்டும்மா. முடிவு?” என்றார். கார் களவு போனது என்ற முடிவு வேண்டும் என்று வக்கீல் எடுத்துச் சொன்னதும் முகம் மலர்ந்து பையைத் திறந்தார். உள்ளங்கை அளவு ஓர் இயந்திரத்தைக் காட்டி, இதை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினால் சாவியே வேண்டாம், யார் வேண்டுமானாலும் காரை எடுத்துக்கொண்டு போகலாம் என்று விளக்கினார். அந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றிக் கேட்டேன். திருடன் சாவியை அச்செடுத்திருக்கிறான் என்பதற்கு அதுதான் சாட்சி என்றார். அது விளக்கெண்ணெய் என்றேன். அதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“இதே காருக்குக் கம்பெனி உங்களைக் கூப்பிட்டிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?” என்று கேட்டேன்.

“போன மாசம் கூப்பிட்டாங்களே. சாவி இல்லாம ஒருத்தனாலயும் எடுக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்தேன். அது வேற கேஸும்மா.”

“கார்?”

“கார் இதே மாடல்தான்.”

அவர் அறிக்கையைப் பார்த்துக் கம்பெனி இரு தரப்பையும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டது. நீளமான மேசை, நடுவில் யாரும் குடிக்காத தண்ணீர் பாட்டில்கள். அவர்கள் நிபுணரைப் பார்த்ததும் நம் நிபுணர் எழுந்து நின்று கும்பிட்டார். அவரிடம்தான் நம்மவர் தொழில் கற்றுக்கொண்டாராம். இரண்டு பேரும் ஒருவர் பிள்ளைகளின் படிப்பை ஒருவர் விசாரித்து முடித்த பிறகு, ஒருவர் அறிக்கையை ஒருவர் அறிவியலுக்கே புறம்பானது என்றார்கள். கடைசியில் மேலாளருடைய காரே இதே வகை என்று தெரிந்து, எல்லோரும் வாகனம் நிறுத்துகிற இடத்துக்குப் போனோம். நம் நிபுணர் இயந்திரத்தைச் சொருகினார். இஞ்சின் அசையவில்லை. ஹாரன் மட்டும் அடிக்கத் தொடங்கியது. நிறுத்தத் தெரியாமல் அதை அணைக்க ஒன்றும் இதை அணைக்க ஒன்றுமாக அழுத்தினார், விளக்குகளும் எரிந்தன, கண்ணாடித் துடைப்பானும் ஆடியது. ஜன்னல்களிலிருந்து கம்பெனி முழுக்க எட்டிப் பார்த்தது. சாவி இல்லாமல் வண்டி நகராது என்பது நிரூபணமாகிவிட்டது என்று அவர்கள் நிபுணர் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினார். சாவி இல்லாமலே வண்டிக்குள் புக முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது என்று நம் நிபுணர் கத்தினார். மேலாளர் தன் சாவியைப் போட்டுப் பார்த்தார், அதற்கும் நிற்கவில்லை. அதற்கு என்ன அறிவியல் காரணம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

மேலே திரும்பி வந்து உட்கார்ந்ததும் மேலாளர் உங்கள் மாப்பிள்ளையைப் பார்த்து, “சார், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. கார் எங்கே?” என்றார்.

இவர், “தெரிஞ்சா அதைத் துடைச்சிக்கிட்டு இருப்பேனே சார்” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் அதை எழுதிக்கொள்ளவும் இல்லை. அறிக்கைதான் ஆதாரம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த வாரத்துக்குள் கோரிக்கையைத் திரும்பப் பெற வேண்டுமாம்.

ஆகவே அண்ணா, நீங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். உங்கள் கம்பெனி மேலாளர் முன்னால் உட்கார்ந்து, என் மாப்பிள்ளை சொன்ன சொல் மாறாதவர், அவர் காரை மதிலோரம் நிறுத்தினேன் என்றால் அது மதிலோரம்தான் நின்றது என்று சொல்ல வேண்டும். நிபுணர்கள் சொல்வதை வேத வாக்காக எடுத்துக்கொண்டு வீட்டு மனிதர்களை நம்பாமல் போவது பற்றி நான் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். உங்கள் நண்பர் அங்கே ஆசிரியர் குழுவில் இருக்கிறாரே, அவர் கையில் நேரில் கொடுத்துவிடவும். எழுத்துப் பிழை இருந்தால் அண்ணி திருத்தட்டும். கருத்தைத் திருத்த வேண்டாம்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், நல்ல முழங்கால்களையும், உங்களை நம்பிப் பாலிசி எடுத்தவர்களுக்குப் பொறுமையையும் அருள வேண்டுகிறேன்.

என்றும் உங்கள் பாசமுள்ள தங்கை

பி.கு.: ஒட்டின உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். இன்று காலை, இவர் போக மாட்டேன் என்பதால் கண்ணாடியை யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா என்று கண் ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். எடுத்த பெண், “கண்ணாடி ரெடி மேடம். அப்படியே உங்க காரையும் எடுத்துட்டுப் போயிடுங்க” என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இத்தனை நாளும் நிற்கிறதாம். தகவல் சொல்ல எத்தனையோ தடவை போன் செய்தார்களாம், இவர் பழக்க தோஷத்தில் தொழிற்சாலைக் கிடங்கின் எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்து விட்ட கண்ணோடு யாரும் வண்டி ஓட்டக்கூடாது என்று ஆஸ்பத்திரி வேனிலேயே கொண்டுவந்து வாசலில் இறக்கி ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வேனில் வந்து வீட்டு வாசலில் இறங்கியதில் இவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஹாரன் கேட்டுப் பால் வைத்த எனக்கும் தெரியவில்லை. அலமாரிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாதவர் காரை எப்படி வீடு வரைக்கும் ஓட்டி வந்தார் என்று விசாரணைக்காரரும் கேட்கவில்லை, இரண்டு நிபுணர்களும் கேட்கவில்லை, கணக்கு எழுதுகிற நானும் கேட்கவில்லை. சொந்தச் சாவியால், அதை வைத்திருப்பவராலேயே ஓட்டிச் செல்லப்பட்டது என்று அந்த மனிதர் எழுதியது எழுத்துக்கு எழுத்து சரி. விடை சரி, வழி முழுக்கத் தப்பு. இதற்கு மதிப்பெண் போடுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணெய் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீங்கள் சாட்சி சொல்ல வர வேண்டாம். பத்திரிகைக் கடிதத்தைக் கிழித்துவிடவும். கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறோம் என்று கம்பெனிக்கு எழுதியாகிவிட்டது. காரணம் என்ற இடம் மட்டும் காலி, அங்கே என்ன எழுதுவது என்று ஏஜெண்ட் என்ற முறையில் நீங்கள் சொல்ல வேண்டும். செய்தியைச் சொன்னதும் இவர் எழுந்து, கொடியில் கிடந்த துணியை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “கார் கெடைச்சிடுச்சு, எடுத்துட்டு வரேன்” என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு, இரண்டு சாவிகளோடும் கிளம்பிப் போயிருக்கிறார். கண்ணாடி சரியாகப் பொருந்துகிறதா என்று கண்ணை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்று அந்தப் பெண் சொன்னாள். எதிர்வீட்டுக்காரர் மதிலோரம் கிடந்த சருகுகளைத் தானாகவே பெருக்கி இடம் செய்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். நானும் இதை எழுதிக்கொண்டே வாசல் பக்கம் காதை வைத்திருக்கிறேன்.

ஹாரன் கேட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன்.

வேன்.