பின்சீட்டைக் கழற்றிய விவரம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீயும் மருமகளும் பேரனும் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். காகிதம் என்றால் என்னை நிறுத்த ஆளில்லை.

நீ சொன்னபடி வாசலில் நிற்கிற வண்டியின் பின்சீட்டைக் கழற்ற ஆரம்பித்தேன். வாங்கப்போகிற பேக்கரிக்காரர் ரொட்டித் தட்டு அடுக்கத் தரை மட்டமாக வேண்டும், சீட்டைப் பிடித்திருக்கிற இரும்புப் பட்டை, போல்ட்டு எதுவும் இருக்கக் கூடாது என்றாராமே. மெக்கானிக்கை அனுப்புகிறேன் என்றாய். எதுக்குடா? நான் அஞ்சாங்கிளாஸ்தான், ஆனால் அது ஸ்பேனருக்குத் தெரியவா போகிறது?

கொசுவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு, மெத்தையைத் தூக்கிப் பார்த்தால், போல்ட்டெல்லாம் துருவேறி, கல்யாணத்தில் மரியாதை குறைந்துபோன சம்பந்தி மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் விட்டு, மூச்சைப் பிடித்துத் திருகினேன், ஒன்றைத் தவிர எல்லாம் இளகிவிட்டது. பெரிய ஸ்பேனர் எடுத்து வரலாம் என்று பார்த்தால் இரண்டு பக்கக் கதவும் திறக்கவில்லை. பேரன் குழந்தையாக இருந்தபோது ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிடுவான் என்று, உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி சைல்ட் லாக் போட்டாயே, அதுதான். அவனுக்கு மீசையே முளைத்துவிட்டது, லாக் அப்படியே இருக்கிறது. முன்சீட்டுக்குத் தாண்ட என் முழங்கால் சம்மதிக்கவில்லை. பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டது, ஆரனும் இல்லை, கண்ணாடியும் இறங்கவில்லை, மேலே விரல் நுழைகிற சந்துதான்.

மெத்தையைப் பழையபடி போட்டு உட்கார்ந்தேன். தண்ணீர் கேன்காரர் வந்தார். கையை ஆட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். கொரியர்காரர், "என்ன பாட்டி, கிளம்பியாச்சா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அவர்கள் மேல் தப்பில்லை. உனக்குச் சொன்னதில்லை, நீ வண்டியை விட்டுவிட்டுப் போனதிலிருந்து சாயங்காலமானால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பின்சீட்டில்தான் உட்காருவேன். வீட்டுக்குள் உட்கார்ந்தால் தனியாக இருக்கிற மாதிரி இருக்கு. வண்டியில் உட்கார்ந்தால் நீ ஏதோ வாங்கக் கடைக்குள் போயிருக்கிற மாதிரி இருக்கு.

வாய்விட்டுக் கூப்பிட்டிருக்கலாமே என்பாய். கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டுகிறவளா உன் அம்மா?

அப்போதுதான் எதிர்வீட்டு டெய்லரம்மா வந்தாள். சாக்கடைச் சண்டைக்கு அப்புறம் பேச்சே இல்லை, உனக்குத் தெரியும். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, "நகருங்க, கொஞ்சம் உட்காரணும்" என்றாள். கதவைச் சாத்தாதே என்று நான் சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்து படாரென்று சாத்திவிட்டாள்.

"போச்சு. இனி ரெண்டு பேரும் உள்ளதான்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீதான் எங்கிட்டப் பேசறதில்லையே."

"நீங்க மட்டும் பேசினீங்களா? தினமும் இதுல உக்காந்து எங்கதான் போறீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

"எங்கயும் போகலை."

"நல்லதாப் போச்சு. எனக்கும் போக இடமில்லை," என்று செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டுவிட்டாள்.

பேசினோம் பேசினோம், சாக்கடையில் தொடங்கி அவள் மருமகன் வரைக்கும். வெளிச்சம் மங்குகிற நேரத்துக்குப் பேக்கரிக்காரர் வண்டியைப் பார்க்க வந்து கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்து ஒரு அடி பின்னால் போய், "அம்மா, இவங்களும் வண்டியோட சேர்த்தியா?" என்று டெய்லரம்மாவைக் காட்டி என்னிடம் கேட்டார். நல்ல மனுஷன்தான், பயந்துவிட்டார். டெய்லரம்மா இறங்கும்போது, "நாளைக்கு அந்த ஓரம் எனக்கு" என்றாள். வண்டி போகப்போகிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆக வேலை முடிந்த மாதிரிதான். மிச்சமிருக்கிற ஒரு போல்ட்டைப் பேக்கரிக்காரரே கழற்றி, வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துக்கொள்ளட்டும். பேரனை வேளைக்குச் சாப்பிடச் சொல். மருமகளைக் கேட்டதாகச் சொல். எல்லோரும் நூறு வயசு நோய்நொடியில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் டெய்லரம்மா வந்துவிட்டாள். ராத்திரியோடு ராத்திரியாகப் பின்சீட்டுக்குப் புது உறை தைத்திருக்கிறாள், பூப்போட்டது. எப்போது அளவெடுத்தாளோ! இரண்டு பேருமாக எல்லாப் போல்ட்டையும் திரும்ப முடுக்கிவிட்டோம். வண்டி விற்பதற்கில்லை, பேக்கரிக்காரரிடம் நீயே சொல்லிவிடு. நீ வந்தால் முன்பக்கம் உட்கார்ந்துகொள். பின்னால் இடமில்லை.