சீனி சயாமுக்குக் கிளம்பினார்

ஜப்பான்காரன் வந்த பிறகு சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் சீனி கண்ணில் படவே இல்லை. காளியம்மா வீட்டில் மட்டும் ஒரு சீனி இருந்தார். அது அவள் புருஷன். பெயரில்தான் இனிப்பு. வாயைத் திறந்தால் சீலிப்பாடி மிளகாய்.

சீனிக்கு எல்லாவற்றின் மேலும் கோபம். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்று கோபம். வாங்க ஆளில்லாமல் பால்வெட்டு வேலை நின்றுபோனதே என்று கோபம். ஐப்பசி மழை விடாமல் கொட்டுகிறதே என்று கோபம். ஒருநாள் மழை விட்டது. இத்தனை நாள் பெய்துவிட்டு இன்றைக்கு மட்டும் என்ன கேடு என்று அதற்கும் கத்தினார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோபம் இருந்தது. அது காளியம்மாவின் மூலிகைத் தோட்டத்தின் மேல்.

கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் அரை ஏக்கர். நிலவேம்பு, தூதுவளை, ஆடாதொடை, கற்பூரவள்ளி. கொய்னா மாத்திரை கண்ணில் காணாத அந்த நாளில், மலேரியாக் காய்ச்சல் வந்த வீட்டுக்கெல்லாம் அவள் நிலவேம்புக் கஷாயம்தான். மழைக்காலம் வந்தால் அவளுக்கு இடுப்பு நிமிராது. பாத்தியை உயர்த்திக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் கற்பூரவள்ளி வேரோடு அழுகும். வாய்க்காலில் சேறு வார வேண்டும். போட்ட சாணமும் சாம்பலும் கரைந்து ஓடாமல் தழை பரப்பி மூட வேண்டும். வெயிலே இல்லாததால் பறித்த நிலவேம்பை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டுக் காய வைக்க வேண்டும். வீடு முழுக்கப் புகை. கிழங்கில்கூடக் கசப்பு.

சீனி வாழையிலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையில் நின்று, "கோணலா வெட்டுற" என்பார். தோட்டத்தில் அவர் பார்த்த வேலை அதுதான்.

அந்த வாரம் ரேஷன் வரிசையில் ஒருவன், "இவரு யாரு?" என்று கேட்டான். "மருந்துக்காரம்மா வீட்டுக்காரரு" என்றார்கள். அவ்வளவுதான். சீனிக்கு ரத்தம் தலைக்கேறியது. நேரே கங்காணி மாயாண்டியிடம் போனார். சயாமில் ரயில் பாதை போட ஆள் சேர்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"மூணு மாசந்தான் சீனி. மூணு வேளையும் அரிசிச் சோறு. சட்டை தராங்க. நாளைக்கே லோரி வருது" என்றான் மாயாண்டி.

அரிசிச் சோறு என்ற சொல்லிலேயே சீனி பாதி தூரம் போய்விட்டார். அங்கேயே லிஸ்டில் பெயரையும் கொடுத்தார்.

வீட்டில் சொன்னதும் காளியம்மா அழுதாள். "மூணு மாசம்னுதான கருப்பம்மா புருஷனும் போனாரு? ஏழு மாசமாச்சு. ஒரு கடுதாசி உண்டா? போவாதீங்க."

"நீ போவாதன்னா நான் ரெண்டு தடவ போவேன்!"

"ஒங்க கால்ல வேணாலும் விழுறேன்."

"விழு. தாண்டிக்கிட்டுப் போறேன்."

காளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையில் சீனியை விட அவளுக்குத்தான் கோபம் அதிகம். மாயாண்டி மேல், ஜப்பான்காரன் மேல், எதிரில் நிற்கும் இந்த மனுஷன் மேல். ஆனால் அதை அவள் கத்திச் செலவழிக்கவில்லை.

மறுநாள் காலையில் எங்கேயோ போய்விட்டு நனைந்து வந்தாள். சீனியின் வேட்டியை மடித்து மூட்டையில் வைத்தாள்.

"கெளம்புங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க."

சீனி மூட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னா புள்ள, அழுவலையா?"

"நேத்தே அழுதுட்டேன். இன்னிக்கு வேல கெடக்கு."

"நான் இல்லாம தோட்டத்த எப்பிடிப் பாப்ப?"

"நீங்க இருந்து என்னா பாத்தீங்க? பத்துமலை அண்ணே பாத்துக்கிறேன்னாரு. வாய்க்கால் வெட்டுனா கயிறு புடிச்ச மாதிரி வெட்டுவாரு. ஆபீசுல தோட்டத்த ஆம்பள பேருல பதியணுமாம். அவரு பேருல பதிஞ்சிடலாம்னு இருக்கேன்."

"எவன் பேருல?"

"பத்துமலை அண்ணே பேருல."

பத்துமலை பக்கத்து வீட்டுக்காரர். அவர் கோழி இவர் வாசலைக் கிளறியதிலிருந்து இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

"எம் பொண்டாட்டி தோட்டம்! எம் பொண்டாட்டி மழையில நனைஞ்சு போட்ட பாத்தி! அந்தக் கோழிக்காரன் பேருலயா?"

"நீங்கதான் ஊருல இருக்க மாட்டீங்களே."

"யாரு சொன்னா?" என்று சீனி மூட்டையை உதைத்தார். வேட்டி சேற்றில் போய் விழுந்தது. மழையில் தலைக்கு வாழையிலைகூட இல்லாமல் இறங்கி ஓடினார்.

பத்துமலை வீட்டு வாசலில் மட்டும் நின்றார். "தோட்டம் கேக்குதா ஒனக்கு, தோட்டம்?"

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பத்துமலை நிமிர்ந்து பார்த்தார். "எந்தத் தோட்டம்?"

"நடிக்கிறியா?" என்று தொடங்கி, அவர் கோழி வரைக்கும் திட்டித் தீர்த்துவிட்டு ஆபீசுக்குப் பாய்ந்தார் சீனி.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராமசாமி மேசையில் ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீனி மேசையில் ஓங்கி அடித்தார்.

"மூலிகைத் தோட்டம் எம் பேருல! வேற எவன் பேராச்சும் எழுதுனீங்க, நடக்கறதே வேற!"

"சரிய்யா. கட்ட வெரல வையி."

வைத்தார். நன்றாக அழுத்தி வைத்தார். கிராணி தாளை ஊதிக் காயவைத்தபடி வாசித்தார்.

"மருந்துச் செடி போடுறவன் சீனி, தகப்பன் பேரு சன்னாசி. வாரம் பத்துக் கட்டு நிலவேம்பு ஆபீசுக்குக் குடுக்கணும். வாய்க்கால், பாத்தி எல்லாம் ஒம் பொறுப்பு. தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாது. இங்கயே வேலைன்னு ஆயிட்டதால சயாம் லிஸ்டுலேருந்து ஒம் பேர அடிச்சாச்சு."

சீனி மறுபடி மேசையில் அடிக்கக் கையை ஓங்கினார். கடைசியில் ஒரு கேள்விதான் வெளியே வந்தது.

"எங்கப்பன் பேரு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"காலையில ஒம் பொஞ்சாதி வந்து எல்லாத்தையும் சொல்லி எழுத வச்சிட்டுப் போச்சுய்யா. போன மாசம் எம் மவனக் காய்ச்சல்லேருந்து எழுப்புனது அது. மாட்டேன்னு சொல்ல முடியுமா? கைநாட்டு மட்டுந்தான் பாக்கி. பத்து மணிக்கு நீயே ஓடியாந்து வைப்பேன்னு சொல்லுச்சு."

கிராணி சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பத்தேகால் ஆச்சு. ஏன்யா இவ்வளவு நேரம்?"