கரண்டு கெண்டியும் இடுப்புக் கயிறும்

கடலுக்குள்ள ஒரு தடவை சுறா மூஞ்சிக்கு நேரா வந்து பாத்துட்டுப் போச்சு. அசையாமக் கெடந்தேன். ஆனா இன்னைக்கும் எம் பேத்தி மிக்சியப் போட்டா, வாசப்பக்கம் போய் நின்னுக்குவேன். (சிரிக்கிறவுக முழுசாக் கேட்டுட்டுச் சிரிங்க.)

கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கிற வேல எனக்கு. இடுப்புல கயிறு. அதை வள்ளத்துல ஒருத்தன் பிடிச்சிருப்பான். கீழருந்து நான் ஒரு சுண்டு சுண்டுனா, என்ன ஏதுன்னு கேக்கப்படாது, இழுக்கணும். எனக்குக் கயிறு பிடிச்சவன் காசிம். மாட்டுப் பலம். புத்தியும் அதுதேன்.

ஊருக்குள்ள கரண்டு வந்த புதுசு. வள்ளத்துக்குச் சொந்தக்காரக, எங்க சம்மாட்டி, கொழும்புலருந்து ஒரு கெண்டி கொண்டாந்தாக. நெருப்பில்லாமத் தண்ணி கொதிக்குமாம். (ரொட்டி வாட்டுற பொட்டி, சட்டினி அரைக்கிற சாமான் எல்லாம் அந்த வீட்டுக்குத்தேன் மொதல்ல வந்துச்சு. அத விடுங்க.) வந்த அன்னைக்கே கெண்டி கரண்டடிச்சு சம்மாட்டி வீட்டம்மா கைய உதறி விட்டுருச்சு. அப்புறம் அதைத் தொட ஆளில்ல.

அப்பத்தேன் எனக்குப் பொண்ணு பேச்சு. பொண்ணோட வாப்பா மீராசா மாமா சம்மாட்டி வீட்டுக்கு வந்துட்டாக. என்னையப் பாத்துட்டு அன்னைக்கே முடிவு சொல்லிருவாகளாம்.

"பய சூரன் மாமு! ஏலே சீனி, அந்தக் கரண்டு கெண்டியில மாமாவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டா"ன்னாக சம்மாட்டி, என்னையப் பாத்து.

மாட்டேன்னா பொண்ணு போச்சு. தொட்டா உசுரு போச்சு.

கொல்லை வழியாக் காசிமக் கூப்பிட்டேன். "இதுவும் ஒரு குளிதேன்லே. கயித்தக் கொண்டா."

இடுப்புல முடிச்சப் போட்டுக்கிட்டு, அடுப்படியில பலகை மேல ஏறி நின்னேன். கயித்து நுனியோட காசிம் கொல்லையில. பிஸ்மில்லா சொல்லி, கண்ண மூடி, சுவிச்சத் தட்டுனேன்.

ஒண்ணும் ஆகல. குனிஞ்சு பாத்தேன். உள்ளருந்து 'ங்ங்'னு ஒரு மொனகல். கூடிக்கிட்டே வந்துச்சு. மூடி தானாத் தாளம் போட்டுச்சு. மூக்கு வழியாப் புகையக் கக்குச்சு.

துள்ளிட்டேன். கயிறு சுண்டிருச்சு.

காசிம் இழுத்தான் பாருங்க! மொறம், வெங்காயக் கூடை, நான், எல்லாருமாக் கொல்லைக்கு வந்து சேந்தோம். வெத்தலை துப்ப வந்த மாமா காலடியில. காசிம் விட்டானா? கடல்ல பண்ற மாதிரியே என்னையக் குப்புறப் போட்டு முதுகுல ஏறி அமுக்குறான்.

"கக்குலே! தண்ணியக் கக்கு!"

"ஏலே, தண்ணி அங்கன கெண்டியில இருக்குலே!"

மாமா வெத்தலைய முழுங்கிட்டாக. "எத்தனை பாகம் ஆழம் தம்பி?"

கொல்லையே சிரிக்குது. நான் மண்ணுல மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கெடந்தேன். பேச்சு இத்தோட சரின்னு நெனச்சேன். உள்ள கெண்டி தண்ணி வத்திக் கருகுது. அணைக்கப் போக சம்மாட்டிக்கே தைரியமில்ல.

சிரிச்ச மாமா சட்டுனு குந்தி எங் கயித்தத் தொட்டாக. "முடிச்சு யாரு போட்டது?"

"நாந்தேன் மாமா."

முடிச்ச இழுத்துப் பாத்தாக. "மூத்த மருமகன் சூரன். கயிறு எதுக்குன்னு கடல்ல எறங்குனான். இன்னும் ஏறி வரல." எந்திரிச்சு சம்மாட்டியப் பாத்தாக. "சின்னவள இவனுக்கே குடுக்குறேன். இவன் வீடு வந்து சேருவான்."

தேத்தண்ணி வெறகடுப்புலதேன் போட்டாக.

நான் கடலுக்குப் போன காலம் பூரா அவதேன் எனக்கு முடிச்சுப் போட்டா, மூச்சு முட்டுற அளவுக்கு. இப்பக் கடலும் இல்ல, கயிறும் இல்ல. ஆனா அவ மிக்சியில கைய வைக்கிறப்பல்லாம் அடுப்படியிலருந்து கொரல் மட்டும் வரும்:

"கட்டியாச்சா? போடவா?"