ஐந்து சண்டைக்கார மீன்களை முன்னிட்டு

திண்டிவனம்,
12-5-2013, ஞாயிறு.

அன்புள்ள வெனிலா அப்பாவுக்கு, ஞானமேரி எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே நானும் மீன்கள் ஐந்தும் உயிரோடு இருக்கிறோம். மஸ்கட்டில் நீங்களும் உங்கள் அறையின் ஏசியும் அதேபோல இருக்க வேண்டுமென்று தினமும் செபத்தில் கேட்டுக்கொள்கிறேன். வெனிலா கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நலம். போன் செய்தபோது அவளும் மீன்களைத்தான் விசாரித்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் நலம் விசாரிப்பது இத்துடன் முடிகிறது.

தினமும் போனில் பேசுகிறவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் கேள்வி கேட்கிறீர்கள், நான் பதில் சொல்கிறேன். உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு, எது எதைக் கடித்தது என்று சொல்லி முடிப்பதற்குள் உங்கள் கார்டில் காசு தீர்ந்துவிடுகிறது. அதனால் சொல்ல வேண்டியதை இங்கே முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்த மாதக் கடைசியில் கம்பெனிக்காரர்கள் இன்னும் இரண்டு வருஷத்துக்கென்று நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஊருக்கு வந்துவிடுங்கள். காரணம் மீன்கள். உங்கள் அறையில் இருக்கும் சவுரிராயன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை விமானம் ஏறுகிறாராம். வறுத்த மல்லாட்டை (பொட்டலத்தின்மேல் வேர்க்கடலை என்று எழுதியிருக்கிறேன்), முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய் இவற்றோடு இதையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் கசிந்தாலும் எழுத்து தெரியட்டும் என்றுதான் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுகிறேன்.

ஜனவரி லீவில் வந்தபோது ஆறடிக் கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து கூடத்தில் வைக்க இடமில்லாமல், சாப்பாட்டு மேசையைத் தூக்கிப் பின்கட்டில் போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா. "ஒருத்தி சாப்பிட எதுக்கு இவ்ளோ பெரிய மேசை" என்றீர்கள். நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தபடிதான் சாப்பிடுகிறேன். டேங் என்கிற இந்தக் கடல் மீன்கள் பிறவியிலேயே சண்டைக்காரர்கள், வாலடியில் கத்திபோல முள் வைத்திருக்கிறார்கள், இரண்டு மூன்றை விட்டால் ஒன்றையொன்று கொன்றுவிடும், ஐந்தையும் ஒரே நாளில் சேர்த்து விட்டால் யாரை அடிப்பது என்று தெரியாமல் அடங்கிப்போகும் என்று எனக்குப் பாடம் எடுத்தீர்கள். எடுத்துவிட்டு, சென்னைக் கொளத்தூர் மீன் கடையில் அன்றைக்கு இருந்தது இரண்டுதான் என்று நீலம் ஒன்றையும் மஞ்சள் ஒன்றையும் விட்டீர்கள், லீவு முடிந்தது, கிளம்பிவிட்டீர்கள். குடித்தனம் வைத்துவிட்டுப் பாதியில் கிளம்புவது உங்களுக்குப் புதிதில்லையே.

மீதி மூன்றையும் பிப்ரவரியில் கடைக்காரர் தெர்மோகோல் பெட்டியில் வைத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் நான் போய் நின்றால், கண்டக்டர் பெட்டியைத் தரமாட்டேன் என்கிறார். "உயிரோட கீதா, செத்துப்போச்சாம்மா? செத்த மீனுன்னா நாத்தம், பஸ்ல ஏத்தக் கூடாது. உயிரோட கீதுன்னா டிக்கெட் போட்டிருக்கணும்" என்று அவர் நியாயம் பேச, பெட்டியைத் திறந்து காட்டு என்று பின்னால் நின்ற கூட்டம் கேட்க, அதிலொருவர் எட்டிப் பார்த்துவிட்டு "இத்தினியூண்டு மீனுக்கா இம்மாம் பஞ்சாயத்து, ஒரு ஆளு கொழம்புக்குக் கூட வராது" என்று தீர்ப்புச் சொல்ல, ஆட்டோவில் பெட்டியை மடியில் ஏந்திக்கொண்டு வீடு வந்தேன். வந்து இரண்டு மஞ்சளையும் பழுப்பு ஒன்றையும் தண்ணீரில் விட்டேனோ இல்லையோ, அதுவரை இந்தத் தொட்டியே தன் அப்பா சொத்து என்றிருந்த நீலம் பாய்ந்து வந்து, பழுப்பைக் கல்லுக்குப் பின்னால் ஓட்டிப் போனது. அன்று சாயங்காலமே உங்களுக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். அன்றிலிருந்துதான் வெள்ளிக்கிழமை போன் தினசரி போன் ஆயிற்று.

தொட்டிக்கு வெளியே கண்ணாடியை நிற்க வை, நீலம் தன் பிம்பத்தோடு சண்டை போட்டு மற்றவர்களை விட்டுவிடும் என்றீர்கள். பீரோக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். நீங்கள் சொன்னது சரிதான். காலையிலிருந்து சாயங்காலம்வரை நீலம் தன்னோடு தானே முட்டிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு யார் யாரோ ஞாபகம் வந்தார்கள், என்னையும் சேர்த்து. ஆனால் வீட்டில் இருந்த கண்ணாடி அது ஒன்றுதான். ஒரு நாள் சேலையின் உள்பக்கம் வெளியே தெரியக் கட்டிக்கொண்டு மார்க்கெட் கமிட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்விட்டேன். மத்தியானம்வரை மல்லாட்டை மூட்டைக்கு ரசீது போட்டபடி அப்படியே இருந்திருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால் செருப்பு மாட்டும்போதே சொல்லியிருக்கும்.

கரண்ட் போவதைப் பற்றி உங்களுக்கு எழுதித் தீராது. இன்வர்ட்டர் மீன்களின் மோட்டாருக்குத்தான் தாங்கும் என்பதால் மின்விசிறியை அதிலிருந்து எடுத்துவிட்டேன். மீன்களுக்கு மோட்டார், எனக்குப் பனையோலை விசிறி. தண்ணீர் சூடேறாமல் இருக்க ஐஸ் வேண்டும், ஃப்ரிட்ஜ் ஓடினால்தானே ஐஸ். கடைசியில் மரக்காணத்திலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவரும் விருத்தாசலத்திடம் சொல்லி, மீன்கூடையில் போடுகிற ஐஸையே வாங்கி பாலிதீன் பையில் கட்டி மிதக்க விட்டேன். அவர் தொட்டி முன்னால் குந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எக்கா, கோச்சிக்காதீங்க. இது கொழம்புக்கும் ஆவாது, வறுவலுக்கும் ஆவாது. இதுக்கு எதுக்கு கடலையே வண்டி ஏத்திக்கினு வரச் சொல்றீங்க? மாமா வந்தா ரெண்டு பேரும் அங்கயே வந்து பாருங்களேன், சும்மாவே காட்றேன்" என்றார். மாமா வந்தால் பார்க்கலாம் என்றேன். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளின் அபிப்பிராயம் வேறு. "நீலத்துக்கு ஒரு ஜோடி புடிச்சி வுடு மேரி, அடங்கிடும். எங்க வூட்டுக்காரரு கல்யாணத்துக்கு முன்ன இத விட ஆட்டம் போட்டவருதான்." ஜோடி இருந்து அடங்கியவர்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

தவக்காலத்தில், தெருவிலுள்ள நம் கோயில்காரர்கள் சேர்ந்து செபம் சொல்லும் அன்பியக் கூட்டம் நம் வீட்டில் வந்தது. செபமாலை மூன்றாவது மறையுண்மையில் இருக்கும்போது நீலம் கண்ணாடியை விட்டுவிட்டுப் பழுப்பின்மேல் பாய்ந்தது. முன்னால் உட்கார்ந்து செபம் சொல்லிக்கொண்டிருந்த தெரேசம்மா அக்கா அதே ராகத்தில் "ஐயோ கடிக்குது பாருங்கடி" என்றார்கள். அவ்வளவுதான், செபமாலை கையிலேயே நின்றது. பாதிப் பேர் பழுப்பின் கட்சி. மீதிப் பேர் "அது முன்னாடியே இருந்த வூடு, இது வந்து பூந்துக்கினா சும்மா இருக்குமா" என்று நீலத்தின் கட்சி. சொந்த மாமியார் கதை, ஓரகத்தி கதை எல்லாம் வெளியே வந்தது. தீர்த்தம் தெளிக்கப் போன தெரேசம்மா அக்காவை நான் தடுத்து, இதுங்களுக்கு உப்புத் தண்ணீர்தான் சேரும் என்றேன். "தீர்த்தத்துலயும் உப்பு போட்டுத்தான் மந்திரிக்கிறாங்க, சாமியாரைக் கேளு" என்று தெளித்தே விட்டார்கள். எல்லோரும் போனபின் டீ டம்ளர்களைக் கழுவினேன். கழுவிக் கவிழ்த்து அடுக்கினால் சமையல் மேடை முழுக்க டம்ளர். கொஞ்ச நேரம் விளக்கை அணைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, அடித்துவிடுங்கள்.

ஈஸ்டர் வாரத்தில் கடைசி யோசனை சொன்னீர்கள். நீலத்தைப் பிடித்துத் தனியே வை, உள்ளே கற்களையெல்லாம் மாற்றி அடுக்கு, பிறகு அதைப் புது ஆள்போலக் கடைசியாக விடு என்றீர்கள். காய்கறி அலசும் ஓட்டைக் கூடையில் நீலத்தைப் போட்டு, மேலே இட்லித் தட்டை மூடித் தொட்டிக்குள்ளேயே மிதக்க விட்டேன். மற்ற நாலும் ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்க வந்தவர்கள்போலச் சுற்றிச் சுற்றி வந்தன. கற்களை மாற்றினேன், ஒரு வாரம் கழித்துத் திறந்து விட்டேன். அதற்குப் பிறகு நடப்பதைத்தான் தினமும் போனில் அழுகிறேனே. நீலம் பழுப்பை மூலையில் நெட்டித் தள்ளியது. மஞ்சள் இரண்டு சேர்ந்துகொண்டு மூன்றாவதை இரைக்குப் பக்கத்திலேயே விடவில்லை. பழுப்பு முந்தாநாளிலிருந்து கீரையைத் தொடவில்லை. இவர்கள் அடித்த தண்ணீரில் வழுக்கி விழுந்து நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். இது ஒருத்தியால் ஆகிற காரியமில்லை. பிடிக்க ஒரு கை, விளக்குப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஒன்று போனாலும் இவ்வளவு செலவும் உங்கள் ஆசையும் வீணாகிவிடும். ஆகவே கையெழுத்து வேண்டாம். மீன்களுக்காகவாவது வந்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாயை ஒரே நாளில் தீர்க்காதீர்கள். மாதாவின் அடைக்கலம் உங்களோடும் அறையில் உள்ளவர்களோடும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
ஞானமேரி

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டுப் பிரித்தேன். ஈஸ்டருக்குப் பிறகு சண்டையே இல்லை. கற்களை மாற்றி நீலத்தைக் கடைசியில் விட்டது பலித்துவிட்டது. ஐந்தும் ஒரே கீரை இலையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துத் தின்கின்றன. அதைப் பார்த்த அன்றைக்கே உங்களிடம் போனில் சொன்னேன். "அப்பாடா, சரி வெச்சிடறேன், வெள்ளிக்கிழமை பேசறேன்" என்றீர்கள். மறுநாள் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அடுத்த நாள் நானே மிஸ்டு கால் கொடுத்து, நீலம் திரும்பவும் கடிக்கிறது என்றேன். அதிலிருந்து தினமும் ஒரு சண்டை தேவைப்பட்டது. எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது, ஆபீசில் நடப்பதையே சொன்னேன். மூலையில் நெட்டித் தள்ளியது எடை போடுகிற நடராசன். மூன்றாமவரைப் பக்கத்தில் விடாத மஞ்சள் இரண்டும் மல்லாட்டை வியாபாரிகள். வழுக்கி விழுந்தது மட்டும் நிஜம். சொன்னபோது, தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டீர்கள். ஆகவில்லை.

மீன்களுக்கு நீங்கள் வேண்டியதில்லை, நன்றாக இருக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு காகிதத்தைக் கையில் எடுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள் என்று மேலே எழுதியதை மட்டும் நான் மாற்றவில்லை. சவுரிராயன் வாசலில் நின்றுகொண்டு, "அண்ணி, ஜல்தி, பஸ்ஸுக்கு நேரமாவுது. அண்ணன்கிட்ட வாயால எதனா சொல்லணுமா?" என்கிறார். எல்லாம் எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.