தள்ளாத வயதுக்காரர்

முதுமையைத் ‘தள்ளாத வயது’ என்று சொல்லிச் சொல்லி ஓர் அருமையான சொல்லை வீணடித்துவிட்டோம். என்னைக் கேட்டால் தள்ளாதது ஒரு வயதே அல்ல, ஓர் இனம். இந்த இனத்தவர் இருபத்தைந்திலும் இருப்பார்கள், ஐம்பதிலும் இருப்பார்கள். மூட்டு வலி கிடையாது, மூச்சிரைப்பு கிடையாது, மூன்று வேளையும் வஞ்சகமில்லாமல் சாப்பிடுவார்கள்; ஆனால் தள்ள மாட்டார்கள். தூக்கவும் மாட்டார்கள். இழுக்கச் சொன்னால் கயிற்றைத் தடவிப் பார்த்து அதன் முறுக்கைப் பற்றிப் பேசுவார்கள். உலகத்தில் எங்கெல்லாம் ஒரு கனமான பொருள் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறதோ, அங்கெல்லாம், சர்க்கரை சிந்தியதை எறும்பு மோப்பம் பிடிப்பது போல வந்து சேர்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, “அப்படி இல்லைங்க” என்று தொடங்குகிறாரே, அவர்தான். ஒப்பிட்டதற்கு எறும்புகள் மன்னிக்க வேண்டும். அவை திரும்பிப் போகும்போது எதையாவது தூக்கிக்கொண்டு போகின்றன.

நடுத்தெருவில் ஒரு கார் நின்றுபோனால் இவரைத் தெளிவாகப் பார்க்கலாம். நான்கு பேர் பின்னால் குனிந்து முக்கிக்கொண்டிருப்பார்கள். ஐந்தாவதாக ஒருவர் காருக்குப் பக்கவாட்டில், காரின் அதே வேகத்தில், அதன் கூரைமேல் இரண்டு விரலை மட்டும் வைத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல நடந்து வருவார்.

“ஆரம்பத்துலதாங்க கஷ்டம். ஒரு தடவை அசைஞ்சிட்டா அப்புறம் உராய்வு கம்மி. அது பாட்டுக்குப் போயிடும்.”

இதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் நம் வயிற்றெரிச்சலே. நிற்கிற பொருளை அசைக்கத்தான் அதிக விசை வேண்டும், ஓடுகிற பொருளை ஓட்டக் குறைவாகப் போதும் என்பது உண்மை. நெம்புகோல் நீளமானால் கைக்கு நோவு குறையும் என்பதும் உண்மை. இவர் வாயிலிருந்து வரும் அறிவியல் எப்போதும் சரி. வாய் நிற்கும் இடம்தான் தவறு. கார் கிளம்பியதும் இரண்டு கைகளையும் தட்டித் தூசியை உதறிக்கொள்வாரே, அந்தத் தூசி எங்கிருந்து வந்தது?

வீட்டிலும் இதே கதைதான். கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விட மாட்டார். எண்ணெய் ஏன் விடவேண்டும் என்று சொல்வார். பாட்டில் மூடி திறக்கவில்லை என்று மகள் நீட்டினால், மூடியின் உட்புறம் ஓடுவது சுருட்டி வைத்த ஒரு சாய்தளம் என்று விளக்குவார். விளக்கம் முடிவதற்குள் அவள் பல்லால் கடித்துத் திறந்துவிட்டுப் போயிருப்பாள். மனைவி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தால் வாசலில் சாய்ந்து நின்று, “கத்தியும் ஒரு வகையில ஆப்புதான், தெரியுமா?” என்பார்.

“தெரியும். எனக்குத் தெரியாத ஆப்பா? இந்தாங்க, மிச்சத்தை உரிங்க.”

அந்த நேரம் பார்த்து அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும்.

இஞ்சினைப் பற்றி மட்டும் இவரிடம் வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள். “நாலே விஷயம்தாங்க. காத்தை உள்ளே இழுக்கும், அழுத்தும், வெடிக்கும், புகையை வெளியே தள்ளும்.” அந்த நான்கில் வெடிக்கும்போது மட்டும்தான் சக்தி பிறக்கிறது, மற்ற மூன்றும் அந்த ஒரு வெடிப்பின் தயவில் ஓசியில் ஓடுகின்றன. இதைச் சொல்லும்போது அவர் குரலில் லேசான நெகிழ்ச்சி தெரியும். சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசும்போது யாருக்குத்தான் நெகிழாது? எரிபொருள் தரும் சூட்டில் பெரும்பகுதி இயக்கமாக மாறாமல் வெப்பமாகவும் சத்தமாகவும் வீணாகிறது என்பதையும் அவரே மனம் வருந்திச் சொல்வார். பொதுவாக இஞ்சின்களைப் பற்றிச் சொல்கிறார் என்று நாமும் பேசாமல் கேட்டுக்கொள்கிறோம்.

பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஒரு நல்ல மாதிரியைக் காட்டுகிறேன்.

அக்கா, தங்கை இருவர். அவர்களை மணந்த இருவர், அதாவது ஒருவருக்கொருவர் சகலைகள். நம்மவர் அக்காவின் கணவர், பெரிய சகலை. தங்கை, அலுவலக வேலையை விட்டுவிட்டு, தன் வீட்டு மாடியறையில் சின்னதாக ஒரு பேக்கரி தொடங்கியிருந்தாள். அடுப்பு வந்துவிட்டது, தட்டுகள் வந்துவிட்டன. மறுநாள் விடிகாலை ஒரு மருத்துவமனைக் கேன்டீனுக்குப் பன் போகவேண்டும். முதல் ஆர்டர். கையால் பிசைந்து மாளாத அளவு மாவு. பிசைகிற மிஷினோ வேனிலிருந்து இறங்கிப் படிக்கட்டின் அடியில் நின்றது. அது இன்றைக்கு மேலே ஏறாவிட்டால் நாளைக்குப் பன் இல்லை. பன் இல்லாவிட்டால் கேன்டீன்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். விட்டு வந்த அலுவலகத்தில் அவள் நாற்காலியில் ஏற்கெனவே வேறொருத்தி உட்கார்ந்தாயிற்று.

மிஷினுக்கு அடியில் சிறிய பாதம், உச்சியில் பெரிய மோட்டார். நிஜமாகவே தலைக்கனம் பிடித்த மிஷின்.

அக்கா வந்ததும் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டுப் படிகளில் கிடந்த செருப்புகளை ஒதுக்கினாள். பெரிய சகலை மிஷினைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

“சகலை, ஒரு கை குடுங்களேன்” என்றார் சின்ன சகலை.

“கை குடுக்கறது பெரிசில்ல சகலை. எங்க குடுக்கணும்ங்கறதுதான் விஷயம்.”

“எங்கயாவது குடுங்க சார்” என்றார் வேன் டிரைவர்.

பெரிய சகலை பலகை போடச் சொன்னார். படிப்படியாகத் தூக்குவதைவிடப் பலகைமேல் ஏற்றுவது எளிது, தூரம் கூடினாலும் விசை குறையும் என்றார். நியாயத்தை நியாயம் என்றுதான் சொல்லவேண்டும்: போட்டார்கள், முதல் பாதிப் படிக்கட்டு நன்றாகவே ஏறியது. அவர் அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

திருப்பத்தில் மிஷினைச் சிரமப்பட்டுத் திருப்பி, இரண்டாம் பாதிப் படிக்கட்டில் பலகையை மாற்றிப் போட்டு ஏற்றும்போது அது இரண்டு படி ஏறியதும் நின்றுவிட்டது. மேலே கயிற்றைப் பிடித்துச் சின்ன சகலை. கீழே தோளைக் கொடுத்து டிரைவர். பக்கத்தில் மிஷினின் தலையைச் சாயாமல் அணைத்தபடி தங்கை. பெரிய சகலை மேலேயும் கீழேயுமாக ஓடி ஓடிக் கட்டளையிட்டார்.

“சகலை, இழுங்க! டிரைவர் சார், நீங்க இப்பத் தள்ளாதீங்க, அவர் இழுக்கட்டும். இப்பத் தள்ளுங்க. சகலை, தளர்த்துங்க. ஐயோ, விட்டுடாதீங்க! தளர்த்தத்தான் சொன்னேன்.”

இழுக்கும்போது தள்ளாமலும், தள்ளும்போது இழுக்காமலும் எந்தப் பொருள்தான் மேலே போகும்?

“சகலை, கை மரத்துப்போச்சு. எதுவா இருந்தாலும் சீக்கிரம் சொல்லுங்க.”

“அதெப்படி மரத்துப்போகும்? நீங்க இன்னும் வேலையே செய்யலையே!”

டிரைவர் தோளை எடுக்காமலே தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. இயற்பியல்ல வேலைன்னா என்ன? விசை குடுக்கணும், பொருள் நகரணும். நகரலைன்னா நீங்க எவ்வளவு முக்கினாலும் வேலை பூஜ்யம். சும்மா தாங்கிப் பிடிச்சிட்டு நிக்கறது கணக்குலயே வராது.”

“அப்ப எனக்கு இப்படி வேர்க்குதே?”

“அது உங்க உடம்போட சொந்த விஷயம்.”

“நீங்க என்ன வேலை செஞ்சீங்க?” என்று கீழிருந்து அக்கா கேட்டாள்.

“நான் ஏறி இறங்கிட்டிருக்கேனே! என் எடையை மேலே கொண்டுபோறேன் இல்ல? பாக்கப்போனா இந்த நிமிஷம் இந்தப் படிக்கட்டுல வேலை செய்யற ஒரே ஆள் நான்தான்.”

“அத்தான்,” என்றாள் தங்கை, மோட்டாரில் கன்னத்தை அழுத்தியபடி. “நாளைக்கு மாவு பிசையறது வேலையா இல்லையான்னும் இப்பவே சொல்லிடுங்க. இல்லைன்னா நான் தூங்கப் போறேன்.”

அவருக்கு அது கேலி என்று உறைக்கவில்லை. கேள்வி என்று எடுத்துக்கொண்டார். திருப்பத்துக்கு இறங்கிவந்து, மிஷினுக்கு நேர் பின்னால், சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார். “எல்லாம் ஈர்ப்பு மையம் படுத்தற பாடு. அது எங்க இருக்குன்னு தொட்டே காட்டறேன். டிரைவர் சார், கொஞ்சம் தள்ளிக்கோங்க.”

டிரைவர் தள்ளிக்கொண்டார்.

மிஷின் சறுக்கியது.

அடுத்த நொடி மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் பெரிய சகலை இருந்தார். எளிய எந்திரங்கள் என்று அவர் விரல் விட்டு எண்ணிக்காட்டுவாரே, நெம்புகோல், கப்பி, சக்கரம், சாய்தளம், திருகு என்று, அந்த வரிசையில் ஆறாவதாக ஆப்பு உண்டு. அன்றைக்கு அது சட்டையும் பேன்ட்டும் போட்டிருந்தது. மேலே சின்ன சகலை கயிற்றை விடாததால் விலா எலும்புகள் பிழைத்தன. வயிறு மட்டும் அதன் வாழ்நாளில் காணாத அளவுக்குத் தட்டையானது.

“அத்தான்! அடிபட்டுச்சா?”

இல்லை என்று தலை ஆடியது. வாயும் ஆடியது, சத்தம் வரவில்லை. பேசுவதற்கான காற்று உள்ளே போக இடமில்லை.

தங்கை கணவரைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள். மிஷின் அன்று முதல்முறையாக ஆடாமல் அசையாமல் நின்றது.

“அத்தான், ஒரே நிமிஷம். அப்படியே இருங்க. நல்லா இருக்கு.”

சின்ன சகலை கயிற்றைக் கைப்பிடிக் கம்பியில் சுற்றிவிட்டு விரல்களை உதறிக்கொண்டார். டிரைவர் உள்ளங்கைகளைப் பேன்ட்டில் துடைத்தார். அக்கா ஏறிவந்து டிரைவருக்குப் பக்கத்தில் தோள் கொடுத்தாள். கணவரின் நெற்றி வேர்வையைப் போகிற போக்கில் துடைத்தும் விட்டாள். யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. “மூணு சொன்னதும் எல்லாரும் ஒண்ணா” என்றாள் தங்கை. ஒன்று, இரண்டு, மூன்று. மிஷின் ஒரு சண்டைக்காரக் குழந்தை திடீரென்று சமாதானமானது போல மேலே போய்விட்டது.

முதல் மூச்சு உள்ளே போனதும் பெரிய சகலையின் இஞ்சின் ஓடத் தொடங்கியது.

“பாத்தீங்களா? முழு எடையும் யார் தாங்கினது? நான் மட்டும் இல்லைன்னா மிஷின் தூள் தூள்!”

அதுவும் உண்மை. அவர் எப்போது பொய் சொன்னார்?

“தாங்கினீங்க,” என்றாள் அக்கா. “நகர்ந்தீங்களா?”

“நகர எங்க இடம் இருந்துச்சு?”

“அப்ப அது கணக்குலயே வராது. மேல வாங்க, காபி ஆறிடும்.”

மறுநாள் பன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கேன்டீன்காரர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அனுப்ப முடியுமா என்று கேட்டாராம். பெரிய சகலை இப்போது பார்ப்பவரிடமெல்லாம் எதிர்விசையைப் பற்றிப் பேசுகிறார்: “நான் மிஷினைத் தள்ளினேன், சுவர் என்னைத் தள்ளிச்சு. ரெண்டும் சமம்.” ‘தள்ளினேன்’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாளாம்.

நிற்க. இனி உங்களிடம் ஒரு கேள்வி. மிஷின் படிக்கட்டின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தபோது, நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? தங்கையின் பன்னுக்காகக் கவலைப்பட்டீர்களா? அல்லது, ‘முதலிலேயே அந்த மோட்டாரைக் கழற்றித் தனியாக எடுத்துப் போயிருக்கலாமே’ என்று தோன்றியதா? ‘கயிற்றை ஆரம்பத்திலேயே கம்பியில் சுற்றியிருந்தால் இந்தப் பாடே இல்லையே’ என்று? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம் என்று திரும்பக்கூடச் செய்தீர்களோ?

நல்ல யோசனைதான். மூன்று பேர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு உட்கார்ந்த இடத்திலேயே உதித்திருக்கிறது பாருங்கள். நேரில் வந்து சொல்வதானால் தாராளமாக வாருங்கள். பின்னால் சுவர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.