கீழே இறங்கி வந்த கோலா அங்கிள்

கனடாவில் ஒருவருக்கும் உதவாத அறிவை ஒரு துளி சிந்தாமல் காப்பாற்றி வைத்திருந்தவர் எங்கள் கோலா அங்கிள்தான். தொண்ணூறுகளில் ரொறொன்ரோவின் பார்க்டேல் பகுதியில், ஒரே கட்டடத்தில் நாங்கள் மூன்றாம் மாடி, அவர் ஐந்தாம் மாடி. இங்கே வருவதற்கு முன் அவுஸ்திரேலியாவில், அடிபட்ட காட்டு விலங்குகளைப் பராமரிக்கும் ஓரிடத்தில் கூடு கழுவியவர். மரத்திலேயே வாழும் கோலாக் கரடி ஒன்றுக்குச் சுகமில்லை என்பதைப் பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவாராம். ரொறொன்ரோவில் கோலா கிடைக்காததால் எங்களைப் பார்த்தார்.

இரண்டு வேலை செய்துவிட்டுத் தூக்கமில்லாமல் வந்த என் கணவரை வாசலில் மறித்து, "தம்பி, கண் சிவந்து பீளை தள்ளுது. கோலாவெண்டால் இப்ப பெட்டியிலை போட்டு வைத்தியரிட்டைக் கொண்டு போயிருப்பம்" என்றார்.

நான் மகள் தும்மினாலே டொக்டருக்குப் போன் எடுப்பவள். ஒருநாள் அவள் வழமைக்கு மாறாக அமைதியாக இருந்தாள். டொக்டரின் லைன் கிடைக்கவில்லை. அங்கிளிடமே தூக்கிப் போனேன். கதவைத் திறந்து இரண்டடி தள்ளி நின்றார்.

"பின்பக்கம் ஈரமோ?"

"ஓம் அங்கிள்."

"கோலாவுக்கெண்டால் அது பெரிய வருத்தம், மருந்து வேணும். உவளுக்கு நப்பியை மாத்தினால் சரி."

கதவு மூடியது.

யாரையும் கிட்ட விடமாட்டார். பலகாரத் தட்டை வாசலில் வைக்கச் சொல்வார். லிஃப்டில் ஒருவர் நின்றாலே படியால் ஏறுவார். ஏனென்று கேட்டேன்.

"சுகமான கோலா ஆளைக் கண்டால் மேலை ஏறும், பிள்ளை. கீழை இருந்து தடவ விட்டால், சனம் செல்லமெண்டு படம் எடுக்கும். உண்மையிலை அது ஏலாமல் இருக்குது. ஓடச் சீவனில்லை."

ஒரு பனிக்காலக் காலையில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். மகள் ஓடிப்போய்த் தாடியைப் பிடித்தாள். விட்டார். மடியில் ஏறினாள். அதற்கும் விட்டார்.

"சுகமோ அங்கிள்?"

"ஓம் பிள்ளை. சும்மா இருக்கிறன்."

பெரியவர் ஓம் என்ற பிறகு திருப்பிக் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். உள்ளுக்குள் பெருமை வேறு. ஒருவருக்கும் மசியாத மனிதர் என் பிள்ளைக்கு மசிந்துவிட்டாரே! படம் எடுக்க வேண்டும் என்று மகளைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். கமராவில் கை வைத்தபோதுதான் உறைத்தது. கமராவை விட்டுவிட்டு அம்புலன்சுக்குப் போன் எடுத்தேன்.

டொக்டர்கள் இதயம் என்றார்கள். சில நாட்களாகவே வலித்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் கிழமை இரண்டு தரம் எங்களோடு லிஃப்டில் வந்தார். அதை ஏன் கவனிக்கவில்லை என்று இன்றும் என்னையே கேட்கிறேன்.

அவர் திரும்பி வரவில்லை. கடைசி நாள் ஆஸ்பத்திரியில் நான் கையைப் பிடித்தபோது, அவர் இழுத்துக்கொள்ளவில்லை. அதற்கு என்ன அர்த்தமென்று அவரே எனக்குச் சொல்லித் தந்திருந்தார். தெரிந்துகொண்டே பிடித்திருந்தேன்.